பெரிய ஐயரும் எங்கள் போதகரும்

போதகர் எங்கள் ஆலயத்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை தொடங்குவதற்கு முன்பு, மேற்குச் சுவரில் பதித்திருந்த சலவைக்கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் ஆர்மோனியத்தின் மேல் கிடந்த துணியை மடித்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் மேலே ஆங்கிலத்தில் சில வரிகள், கீழே தமிழில் ஒரே ஒரு வரி: ‘கூலிகளின் உண்மை நண்பர்’. புதிதாக வருகிற எந்தப் போதகரும் அதைப் படிப்பார். படித்துவிட்டு, எவ்வளவு பெரிய மனிதர் என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுவார். இவர் அந்தத் தமிழ் வரியின் முதல் சொல்லின் மீது உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் அடிக்கிறதா என்று பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டு பீடத்துக்குப் போனார். அன்றைய பிரசங்கம் எனக்கு நினைவில்லை. அந்தக் கை நினைவிருக்கிறது.

இலங்கை மலையகத்தில், பதுளையிலிருந்து எல்ல என்கிற ஊருக்குப் போகிற பாதையில் பாதி வழியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மேலே ஏறினால் எங்கள் ஆலயம். கருங்கல் சுவர், மரத்தூண் வைத்த நீண்ட வராந்தா, ஒற்றை மணி. அதற்குக் கீழே தோட்டப் பள்ளிக்கூடம். அங்கேதான் நான் ஆசிரியையாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியம் வாசிப்பேன். பாதிச் சபை இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன பிறகு மிஞ்சியவர்கள் நாங்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வருகிற சில குடும்பங்களும், பதுளை டவுனுக்குக் குடிபோய்க் கொஞ்சம் வசதி கண்டு, ஞாயிறுதோறும் வேனில் வந்து இறங்குகிற சில குடும்பங்களும் சபையாக இருந்தோம். முன் வரிசை டவுன்காரர்களுக்கு, பின் வரிசை லயத்துக்காரர்களுக்கு என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அப்படித்தான் உட்காருவோம்.

ஆலயத்தைக் கட்டியவர், அந்தக் கல் சொல்லுகிறவர், பெரிய ஐயர். வெள்ளைக்கார மிஷனரிமாரை அந்தக் காலத்தில் ஐயர் என்றுதான் அழைத்திருக்கிறார்கள். இவரைப் பற்றி எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். செருப்புத் தைக்கிறவரின் மகன். இங்கிலாந்திலிருந்து முதலில் திருநெல்வேலிக்குப் போய் அங்கே தமிழ் படித்தவர். நெஞ்சுச் சளி விடாமல் வாட்டியதால் குளிர் இடம் தேடி இந்த மலைக்கு வந்தார். அப்போது இங்கே தேயிலை இல்லை, கோப்பி. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்த சனம், வழியில் விழுந்தது போக மிஞ்சியது மலையேறிக்கொண்டிருந்த காலம். பெரிய ஐயர் ஒரு மட்டக்குதிரையில் தோட்டம் தோட்டமாகப் போனார். பங்களாவில் துரையோடு சாப்பிட உட்காருவார். சாப்பாடு முடிவதற்குள், உங்கள் தோட்டத்துக்கு ஓர் உபதேசியாரும் ஒரு சின்னப் பள்ளிக்கூடமும் வேண்டாமா என்று கேட்டு, அதற்கு வருஷக் காணிக்கை தருவதாக வாக்கு வாங்கிவிட்டுத்தான் எழும்புவார். இப்படித் துரைமாரைச் சேர்த்தே அவர் ஒரு சங்கம் கட்டினார். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒருவராக வைத்தார். லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களும், செத்தவர்களுக்கு ஜெபம் சொல்லிப் புதைத்தவர்களும் அந்த உபதேசிமார்தான். மாதம் ஒரு முறை எல்லோரையும் பதுளையில் கூட்டி, யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்பாராம். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இந்த மண்ணில் புதைத்துவிட்டு, அடுத்த நாளே குதிரையேறினார் என்பார்கள். அதையெல்லாம் நான் பொய் என்று சொல்லமாட்டேன். அந்த மனிதர் உழைத்தார். எங்கள் ஊர்களில் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த வாய்கள் அவரால் படித்த வாய்கள்தான்.

பெப்ரவரியின் முதல் ஞாயிறு எங்களுக்குப் பெரிய ஐயர் ஞாயிறு. அன்றைக்கு டவுன் குடும்பங்கள் பட்டுடுத்தி வரும். கல்லுக்கு மாலை போடுவோம். புதிய போதகரும் முதல் இரண்டு வருஷம் எல்லோரையும் போலத்தான் பெரிய ஐயரைப் பற்றிப் பேசினார். ஆனால் அவருடைய குரலில் ஒரு தயக்கம் இருந்ததை நான் கவனித்தேன். துதிப்பாட்டில் ஒரு கட்டை இறங்கினாலும் எனக்குக் கேட்டுவிடும். அதைப் போலத்தான் இதுவும்.

எங்கள் சபைக்கு வந்த போதகர்மாரில் லயத்தில் பிறந்தவர் இவர் ஒருவர்தான். முன்பு வந்தவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள், அல்லது கொழும்பில் வளர்ந்தவர்கள். இவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மணிச் சத்தத்தில் எழும்பிப் பழகியவர். அம்மா கொழுந்து பறித்தவர். அப்பா கவ்வாத்துக்காரர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டித் தறிக்கிறவர். ஒரு நாள் பள்ளிக்கூடத்து வாசலில் மழை விடுவதற்காக நின்றுகொண்டிருந்தபோது, அந்தக் கல்லில் அன்றைக்கு ஏன் கை வைத்தீர்கள் என்று நான் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“எங்க பூட்டன் பெரிய ஐயர்கிட்ட உபதேசியாரா இருந்தவரு, டீச்சர்” என்றார்.

நான் சந்தோஷப்பட்டேன். இதை ஏன் சபையில் சொல்லவில்லை என்றேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். அவருடைய அப்பா கவ்வாத்து மலையில் வேலை செய்யும்போது, சாப்பாட்டு நேரத்தில், சத்தம் போடாமல் மகனுக்குச் சொன்ன கதை அது. அவருக்கு அவருடைய அப்பா சொன்னது.

திருநெல்வேலியிலிருந்து வந்த அந்தப் பூட்டன் உபதேசியாராக இருந்த தோட்டத்தில் ஓர் ஆள் காய்ச்சலில் படுத்திருந்தான். பெரட்டுக்கு வரவில்லை. துரை லயத்துக்கே வந்து, அவனைக் காம்பராவிலிருந்து இழுத்துப் போட்டு வயிற்றில் உதைத்தார். லயத்து அறையைத்தான் காம்பரா என்போம். ஆள் மறுநாள் செத்துப்போனான். உபதேசியார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வழக்கு பதுளைக் கோர்ட்டுக்கு வந்தது. பார்த்தவர்கள் அத்தனை பேரும், நாங்கள் வேலையில் இருந்தோம், ஒன்றும் தெரியாது என்றார்கள். இவர் மட்டும் கூண்டில் ஏறி, கண்டதைச் சொன்னார். துரைக்கு ஓர் அபராதத்தோடு விஷயம் முடிந்தது. ஆனால் மற்றத் துரைமார் கூடிப் பேசினார்கள். உன்னுடைய உபதேசிமார் எங்களை உளவு பார்க்கத்தான் தோட்டத்துக்குள் வருகிறார்களென்றால், இனி ஒரு தோட்டத்துக் கதவும் உனக்குத் திறக்காது என்று பெரிய ஐயருக்குச் சொல்லிவிட்டார்கள்.

“பெரிய ஐயரு எங்க பூட்டனைக் கூப்பிட்டு முழங்கால் போட வச்சு, தானும் பக்கத்துல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாராம். அழுதாராம். நீ சொன்னது உண்மைதான், ஆனா ஒரு ஆளுக்காக ஆயிரம் பேரோட வாசலை நான் அடைச்சுக்க முடியாதுன்னு சொல்லி, வேலையை விட்டு நிப்பாட்டிட்டாராம்.”

எழுதப் படிக்கத் தெரிந்த அந்த மனிதரை அதற்குப் பிறகு எந்தத் தோட்டமும் பிள்ளைகளிடம் விடவில்லை. கடைசியில் ஒரு கங்காணி பரிதாபப்பட்டு, அவரைப் பசறைப் பக்கம் கூலியாகப் பேர் பதிந்துகொண்டார். அவருடைய மகன் கூலி, பேரன் கூலி. பேரனின் மகனைத்தான் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் கண்டெடுத்து மேலே படிக்க வைத்தார். பூட்டன் இருந்த இடத்துக்குத் திரும்ப ஏறுவதற்கு அந்தக் குடும்பத்துக்கு நான்கு தலைமுறை ஆகியிருக்கிறது.

“அப்ப பெரிய ஐயர் மேல உங்களுக்குக் கோபம் இல்லையா?” என்று கேட்டேன்.

“அவரு நல்லவரு, டீச்சர். அதுதான் சிக்கல். கெட்டவரா இருந்திருந்தா லேசா இருந்திருக்கும், விட்டுட்டுப் போயிருக்கலாம்.”

மழை விட்டது. குடையை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்தக் கதையை அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நிலைமை வரும் என்று அவரும் நினைக்கவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை நிற்கவே இல்லை. ஆலயத்துக்கு எதிர்ப்புறத்து மலைச்சரிவில் மேல் லயம் இருந்தது. பெரிய ஐயர் காலத்துக் கோப்பி லயத்தின் அத்திவாரத்தின் மேலேயே எழுப்பிய நீண்ட கட்டடம் அது. அதற்குப் பின்னால் மலை சுவர் மாதிரி நிற்கும். ஒரு காலையில் ஆறாம் காம்பராக்காரி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் நிலம் வெடித்திருப்பதைப் பார்த்தாள். நல்ல வாய்க்காரி, தைரியசாலி. வெடிப்புக்குள் கம்பை விட்டுப் பார்த்திருக்கிறாள். கம்பு முழுதாக இறங்கியிருக்கிறது. அரசாங்க ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, இங்கே இருக்கக் கூடாது, உடனே வெளியேறுங்கள் என்றார்கள். எங்கே போவது என்று அவர்கள் சொல்லவில்லை. தோட்டத்து நிர்வாகம், பிள்ளைக்காம்பராவில் படுங்கள் என்றது. வேலைக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகிற அந்தச் சின்னக் கட்டடத்தில் ஒரு லயத்துச் சனம் முழுவதும் எப்படிப் படுக்கும்?

போதகர் ஆலயக் கதவைத் திறந்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு நான் மேலே போனபோது, சபை உட்காருகிற வாங்குகளையெல்லாம் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் பாய்களும் பானைகளும் மூட்டைகளுமாகக் கிடந்தன. வராந்தாவில் மூன்று கல் வைத்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். ஒரு கிழவர் முருகன் படமொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். போதகர் அவரிடம் போய், மணிக்கூண்டின் கீழே இருந்த ஜன்னல் மாடத்தைக் காட்டினார். “இங்க வைங்க. மழைச்சாரல் படாது. விளக்கு மட்டும் கண்ணாடி போட்ட விளக்கா ஏத்துங்க, மேல மரச்சட்டம் இருக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கிழவர் கண்ணீர் விட்டார்.

அந்த முருகன் படத்தைப் பற்றிய செய்திதான் முதலில் டவுனுக்கு எட்டியது. அடுத்த ஞாயிறு வேனிலிருந்து இறங்கியவர்கள் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றுவிட்டார்கள். வரப்போகிற பெப்ரவரியின் பெரிய ஐயர் ஞாயிறு சாதாரண ஞாயிறு இல்லை. ஆலயம் கட்டியதன் பெரிய ஆண்டு நிறைவு விழாவும் அன்றைக்கே. இங்கிலாந்திலிருந்து பெரிய ஐயரின் வம்சத்தில் ஓர் அம்மையார் வருவதாக இருந்தது. கொழும்பிலிருந்து சபையின் தலைமைப் போதகர் வருவார். தோட்டக் கம்பனி புதுக்கூரையும் பெயின்டும் இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தது. இதற்கிடையில் வாங்குகளுக்கு நடுவே துணி காய்ந்துகொண்டிருந்தது.

கமிட்டி கூடியது. நானும் அதில் அங்கத்தவர். பொருளாளர்தான் பேசினார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா இதே பக்கத்துத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், ஆனால் அதை அவர் பேசமாட்டார்.

“ஐயா, ரெண்டு கிழமைதான் கேக்குறோம். பெயின்ட் அடிக்கணும், கூரை மாத்தணும். விழா முடியட்டும், அப்புறம் திரும்பக் கூட்டிட்டு வாங்க.”

“திரும்பிப் போனா தொரை என்ன சொல்லுவாருன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றார் போதகர். “லயம் நல்லாத்தான் இருக்கு, அதான் அவுங்களே போயிட்டாங்கன்னு சொல்லுவாரு. இங்க இருக்கிற வரைக்கும்தான் கம்பனி வேற காணி குடுக்கணும். ஒரு நாள் திரும்பிப் போனாலும் அதோட கதை முடிஞ்சுது.”

“அது கம்பனிக்கும் அவுங்களுக்கும் உள்ள விஷயம். அதுல நாம எதுக்கு? கம்பனியைப் பகைச்சுக்கிட்டா இந்தக் கூரை மட்டுமா போகும்? இந்த மாகாணத்துல எத்தனை தோட்டத்துல நமக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, ஜெபவீடு இருக்கு. எல்லாத்தையும் யோசிக்க வேணாமா?”

போதகர் மேசைமேல் கிடந்த கமிட்டிப் புத்தகத்தை மூடினார். பிறகு, “பெரிய ஐயரும் இதையேதான் சொன்னாரு” என்றார்.

பொருளாளருக்குப் புரியவில்லை. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். வாக்கெடுத்தபோது போதகர் பக்கம் என் கையும், பின் வரிசையில் உட்காருகிற, தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற சுப்பவைசரின் கையும்தான் உயர்ந்தன.

அந்த ஞாயிறு போதகர் பூட்டனின் கதையைப் பிரசங்கத்தில் சொன்னார். டவுன்காரர்கள் முன் வரிசையில், லயத்துச் சனம் பின்னால் பாய்களைச் சுருட்டிவைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். வேதத்தை மூடிவைத்துவிட்டு, எனக்கு அன்றைக்கு மழையில் சொன்னது போலவே சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பெரிய ஐயர் அழுததையும் விடாமல் சொன்னார். “அவரு தலைவலியோட, காய்ச்சலோட, பொண்டாட்டி பிள்ளையைப் புதைச்ச துக்கத்தோட நமக்காக அலைஞ்சவரு. நான் மறக்கல. ஆனா ஒரு தடவை அவரு கதவைச் சாத்தினாரு. அந்தச் சத்தம் எங்க வீட்டுல இன்னும் கேக்குது. அந்த மலை ஒரு நாள் விழும். அதுக்குக் கீழ இவுங்கள அனுப்பி, இன்னொரு தடவை அந்தக் கதவைச் சாத்துறதுக்கு என் கையால முடியாது” என்றார். முடிவில் பாட்டுக்கு எண் சொன்னார். நான் வாசித்தேன். முன் வரிசை பாடவில்லை. பின்னால் இருந்தவர்களுக்குப் பாட்டுத் தெரியாது. ஆர்மோனியம் மட்டும் தனியாக ஒலித்த அந்த நான்கு சரணமும் என் வாழ்க்கையிலேயே நீளமானவை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தோட்டத்தில், ஆலயத்தில் தங்கியிருக்கிறவர்களுக்கு நேரத்துக்கு வரவில்லை என்று சொல்லி அரைப்பேர் போடத் தொடங்கினார்கள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் அரை நாள் சம்பளம் என்று பொருள். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது. கருங்கல் தரை குளிர்ந்தது. லயத்துச் சனத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. கமிட்டி எழுதிய முறைப்பாட்டின் பேரில், தலைமைப் போதகர் விழாவுக்கு முன்னதாகவே ஒரு நாள் பகலில் வந்திறங்கினார். கூடவே எங்கள் போதகருக்குப் பதிலாக வரப்போகிறவரையும் அழைத்து வந்திருந்தார். இருவரையும் வராந்தாவில் நிற்க வைத்தே போதகர் பேசினார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க இடம் இருக்கவில்லை.

“சாவியைக் குடுங்க” என்றார் தலைமைப் போதகர்.

“சனம் வந்த நாள்ல இருந்து பூட்டவே இல்லைங்க ஐயா. எங்க வச்சேன்னு தேடித்தான் எடுக்கணும்.”

உண்மையாகவே தேடித்தான் எடுத்துக் கொடுத்தார். பிற்பகல் கொழுந்து லொறி வந்து வாசலில் நின்றது. மேல் லயத்துக்கே திரும்பிப் போகச் சனம் பானை சட்டிகளோடு ஏறியது. தடுக்க யாரும் இல்லை, அவர்களும் தடுக்கச் சொல்லவில்லை. கடைசியாக ஏறிய ஆறாம் காம்பராக்காரி திரும்பி நின்று, எல்லோரும் கேட்கப் போதகரைப் பார்த்துக் கத்தினாள்: “உங்க தாத்தன் சண்டைக்கு நாங்களா கெடைச்சோம்? சும்மா இருந்தவங்களப் பயங்காட்டிக் கொண்டாந்து, பிச்சைக்காரங்களாட்டம் கல்லுல படுக்க வச்சு, சம்பளத்தையும் பாதியாக்கிட்டீங்களே. நல்லா இருங்க.” போதகர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். லொறி வளைவில் மறையும்வரை நின்றார். அந்த முருகன் படத்துக் கிழவர் மட்டும் லொறியிலிருந்து கும்பிட்டார்.

விழா நடந்தது. வராந்தாச் சுவரில் அடுப்புக்கரி பிடித்திருந்த இடத்தில் இரண்டு பூச்சு வெள்ளை அடித்திருந்தார்கள். இங்கிலாந்து அம்மையார் மெலிந்த, அன்பான மூதாட்டி. சலவைக்கல்லைத் தொட்டு அழுதார். அழுகை உண்மையானது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எதிரே தெரிந்த மேல் லயத்தைக் காட்டி, அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டபோது, பொருளாளர் முந்திக்கொண்டு, எங்கள் மக்கள்தான், உங்கள் முன்னோரின் பிள்ளைகள் என்றார். அம்மையார் அந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்தார். யாரும் திருப்பி அசைக்கவில்லை. அந்தத் தூரத்திலிருந்து தெரிந்திருக்காது.

மலை அந்த வருஷம் விழவில்லை. அடுத்த வருஷமும் விழவில்லை. வெடிப்பில் மண் நிரம்பி, புல் முளைத்து, அதன்மேல் பீர்க்குப் பந்தல் போட்டார்கள். கம்பனி வேறு காணி கொடுப்பது பற்றிய பேச்சு அப்படியே அமுங்கிப் போனது. போதகருக்குத்தான் எல்லாம் நடந்தது. கீழ்ப்படியாமை என்று விசாரணை வைத்து ஊழியத்திலிருந்து விலக்கினார்கள். பேச்சுக்கு நடுவில் யாராவது அவரை நினைத்தால், சபையிலும் சரி லயத்திலும் சரி, சிரித்துக்கொண்டே ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: “ஒன்னும் நடக்கலையே.” ஒரு மனிதரைப் பொய்யராக்குவதற்கு மலை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் கலியாணம் முடிக்காதவர். வெலிமடையில் தங்கை வீட்டுக்குப் போனார். சில வருஷம் கழித்து ஒரு திருமண வீட்டுக்காக நான் வெலிமடை போயிருந்தபோது, மரக்கறி மொத்த வியாபாரக் கடையொன்றில் அவரைக் கண்டேன். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் கட்டுகளின் வேரை வெட்டிச் சுத்தம் செய்து அடுக்கிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் மண். என்னைக் கண்டதும் எழுந்து, உட்காரச் சொல்லி ஓர் உருளைக்கிழங்கு மூட்டையைத் துடைத்துவிட்டார். கடைக்காரர் பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். நான் ஊர்க்கதை சொன்னேன். பிறகு பொறுக்க முடியாமல், எல்லோரும் உங்களை எப்படிப் பேசுகிறார்கள் தெரியுமா என்றேன்.

“மலை விழலன்னுதானே?” என்றார்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“டீச்சர், அவுங்க லொறியில ஏறின அன்னைக்கு ராத்திரியில இருந்து நான் ஒரே ஜெபம்தான் பண்றேன். நான் சொன்னது பொய்யாப் போகணும், ஆண்டவரேன்னு. இன்னைக்கு வரைக்கும் கேட்டிருக்காரு.” லீக்ஸ் ஒன்றை எடுத்து வேரை வெட்டினார். “ஆனா ஒரு மனுசன் வாழ்க்கை முழுக்கத் தோத்துப் போகணும்னு வேண்டிக்கிட்டே இருக்கிறது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. சளி நெஞ்சில் கட்டி இறந்துபோனார். வெலிமடைக்கு நான் போனபோது அடக்கத்துக்கு ஒரு சின்னக் கூட்டம்தான் இருந்தது. மரக்கறிக் கடைக்காரர், லொறிச் சாரதிமார், தங்கையின் அயலவர்கள். எங்கள் தோட்டத்திலிருந்து யாரும் வரவில்லை. கொழுந்து மலிந்த காலம், லீவு கொடுக்கமாட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். சபையிலிருந்து ஒரு மலர்வளையம் வந்திருந்தது. அதில் அவர் பெயருக்கு முன்னால் ‘முன்னாள்’ என்று போட்டிருந்தார்கள். செத்துப்போனவரையும் ஒரு முறை வேலையிலிருந்து நிறுத்தியாக வேண்டும் போல.

காலம் ஓடிவிட்டது. நான் ஓய்வு பெற்றுப் பதுளை டவுனில் மகளோடு இருக்கிறேன். எல்ல இப்போது சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர்களால் நிரம்பி வழிகிறது. முச்சக்கர வண்டிக்காரர்கள் அவர்களை எங்கள் ஆலயத்துக்கும் கூட்டிவருகிறார்கள். பழைய கல்லையும் மணியையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் கண்டபடி நுழைகிறார்கள் என்று கமிட்டி இரும்புக் கேட் போட்டு, பெரிய பூட்டும் போட்டது. சாவி டவுனில் பொருளாளரின் மகன் வீட்டில் இருக்கும். ஞாயிறு மட்டும் திறப்பார்கள்.

சென்ற கார்த்திகையில் மலை விழுந்தது. பிற்பகல், கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். முதலில் ஒரு பெரிய மரம் முறிவது போலச் சத்தம் கேட்டதாம். பிறகு மேல் லயத்தின் பாதியைக் காணவில்லை. ஆறாம் காம்பராக்காரியின் புருஷன் உள்ளே படுத்திருந்தான். அவனோடு இன்னும் இரண்டு பேரும் மண்ணுக்குள் போனார்கள். முருகன் படத்துக் கிழவர் நல்லவேளையாக எப்போதோ செத்திருந்தார். மிஞ்சிய சனம் மழையில் ஆலயத்துக்குத்தான் ஓடியிருக்கிறது. ஓடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இரும்புக் கேட் பூட்டியிருந்தது. அதை மம்பட்டியால் அடித்து உடைத்தது ஆறாம் காம்பராக்காரி. புருஷனின் மேல் கிடந்த மண்ணைத் தோண்டிவிட்டு வந்த அதே மம்பட்டி.

நான் பார்க்கப் போனேன். மகள் கொஞ்சம் அரிசியும் கம்பளிகளும் கட்டித் தந்தாள். வழியில் கமிட்டியின் இப்போதைய தலைவர் என்னைத் தொலைபேசியில் பிடித்து, கேட்டை உடைத்ததற்குப் பொலிசில் ஒரு முறைப்பாடு போட்டு வைப்பது நல்லது என்று சிலர் சொல்கிறார்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். நான் நினைத்ததை அவரிடம் சொன்னேன். இங்கே எழுத முடியாது.

உள்ளே வாங்குகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். ஆறாம் காம்பராக்காரிக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள், அழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா செத்ததுக்கு நான் வரல, டீச்சர். தொரை லீவு குடுக்கலன்னு சொன்னேன். நான் கேக்கவே இல்ல” என்றாள். உன்னை அவர் ஒரு நாளும் குறை சொல்லவில்லை என்றேன். “அது எனக்குத் தெரியுமே” என்றாள் கோபத்தோடு. குறை சொல்லியிருந்தால் அவளுக்கும் லேசாக இருந்திருக்கும்.

இருவரும் வராந்தாவில் உட்கார்ந்தோம். எதிரே மலையில் சிவப்பாக ஒரு நீண்ட காயம். அதற்குக் கீழே சில பேர் இன்னும் தகரம் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எப்ப டீச்சர் எங்கள வெளிய போகச் சொல்லுவாங்க?”

சொல்லுவார்களா என்று அவள் கேட்கவில்லை. நானும் பொய் சொல்லவில்லை.

“பெப்ரவரியில விழா இருக்கு. அதுக்கு முன்னால கேப்பாங்க.”

அவள் விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.

“அப்ப பொங்கலுக்கு இங்கதான்” என்று சொல்லி எழுந்து, வராந்தாவின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் நடந்து, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, மூன்று கல் தேடப் போனாள்.